"கெம் பா சொத்தே": ஒரு ஹைத்தி கிரியோல் பாட்டுக்குப் பொருள் காண்பது எப்படி?

கரீபியன் நாடான ஹைத்தியின் மக்கள் பேசும் மொழி கிரியோல். அதில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களுக்காக இது. எடுத்துக்கொள்ளும் பாட்டு, ஹைத்தியின் புக்மான் எக்ஸ்பெரியான்ஸ் குழு 1990-ல் பாடிய 'கெம் பா சொத்தே'. பல்லவி மட்டும் போதும்.

படி 1: முதலில் கேளுங்கள்

அகராதியைத் தொடாமல் இரண்டு முறை கேளுங்கள். குழு சேர்ந்து பாடுவதும் முரசும்தான் பாட்டைச் சுமக்கின்றன. ஆப்பிரிக்க வேர்கொண்ட ஹைத்திச் சமயமான வோடூவின் வழிபாட்டுத் தாளங்களை மின்கிட்டாரோடு கலக்கும் இந்த வகைக்கு 'மிஸிக் ரசின்', அதாவது வேரிசை என்று பெயர்.

படி 2: சொல்லைப் பிரியுங்கள்

'கெ' என்றால் இதயம். 'ம்' என்பது 'ம்வென்', அதாவது நான் அல்லது என் என்பதன் சுருக்கம். கிரியோலில் 'என்' பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். நமக்கு நேர் எதிர். 'பா' எதிர்மறை. 'சொத்தே' என்றால் குதிப்பது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு எல்லாமே பழகிய முகமாக இருக்கும், ஆனால் இலக்கணம் வேறு. வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறவே மாறாது. முன்னால் 'தெ' போட்டால் இறந்தகாலம், 'ஆப்' போட்டால் நடந்துகொண்டிருப்பது. இங்கே எதுவும் இல்லாததால் 'குதிக்கவில்லை', 'குதிக்காது' இரண்டுமே சரி.

படி 3: நேர்மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள்

வழுக்கும் இடம் இதுதான். "என் இதயம் குதிக்கவில்லை" என்று எழுதினால் தமிழில் என்ன ஆகிறது? நமக்கு மனம் துள்ளுவது சந்தோஷத்தில். ஆக, பாடுபவர் ஏதோ சோகத்தில் இருக்கிறார் என்று தோன்றிவிடும். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்! ஹைத்தியில் இதயம் குதிப்பது என்றால் திடுக்கிடுவது. மகிழ்ச்சிக்கு 'கெ கோந்தான்' என்று வேறு சொல் இருக்கிறது. எனவே பல்லவி சொல்வது: "என் நெஞ்சு பதறவில்லை." உன்னைக் கண்டு எனக்குப் பயமில்லை என்பதுதான் செய்தி.

படி 4: யாரைப் பார்த்து?

வருடத்தைப் பாருங்கள். ஹைத்தியில் துவாலியே குடும்பத்தின் சர்வாதிகார ஆட்சி 1986 பிப்ரவரியில் விழுந்தது. ஆனால் துப்பாக்கி போகவில்லை. 1988-ல் ஜெனரல் ப்ரொஸ்பெர் அவ்ரில் ஆட்சியைப் பிடித்தார். 1990 கார்னிவல் திருவிழாவில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்களில் கொடிகட்டிப் பறந்தது இந்தப் பாட்டு. அவரது ராணுவ அரசைத்தான் சொல்கிறது என்று கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்த மார்ச்சிலேயே அவ்ரில் பதவி விலகினார். பாட்டுதான் இறக்கியது என்று சொல்லிவிடாதீர்கள். தெருவில் போராட்டங்களும் நடந்துகொண்டிருந்தன. ஆனால் கூட்டமாக நின்று "நெஞ்சு பதறவில்லை" என்று பாடியவர்களுக்கு அது வெறும் கார்னிவல் கூத்தாக இருந்திருக்காது.

படி 5: குழுவின் பெயர்

1791 ஆகஸ்டில் புவா கயிமான் என்ற இடத்தில் வோடூ சடங்கு நடத்தி, அடிமைகளின் கிளர்ச்சியைத் தொடங்கி வைத்தவர் டட்டி புக்மான். அந்தக் கிளர்ச்சி 1804-ல் சுதந்திரத்தில் முடிந்தது. எக்ஸ்பெரியான்ஸ்? அது அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'எக்ஸ்பீரியன்ஸ்' குழுவுக்கு ஒரு வணக்கம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாடே பேசுகிற கிரியோல், பிரெஞ்சோடு ஆட்சிமொழியானது 1987 அரசியலமைப்பில்தான். அந்த மொழியில், வோடூ தாளத்தில், புக்மான் பெயரில் பாடுவது எந்தப் பக்கம் நிற்பது என்று விளக்க வேண்டியதில்லை.

படி 6: தமிழில் பாடிப் பாருங்கள்

கையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: கெம், பா, சொத், தே. நாலே தட்டு. 'பயமில்லை' கச்சிதமாக உட்காரும், ஆனால் நெஞ்சு காணாமல் போய்விடும். 'நெஞ்சு பதறலே' ஆறு தட்டு. கொஞ்சம் வேகமாகப் பாடினால் ஒப்பேறுகிறது; நான் அதையே வைத்துக்கொண்டேன்.