பந்து விழுஞ்சிடுச்சு! சின்னப் பசங்களுக்கு வீட்ல இலக்கணம் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க பாப்பாவுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு நாள் மாடியிலருந்து கத்துறா, "அம்மா, பந்து கீழ விழுஞ்சிடுச்சு!" நான் அடுப்பங்கரையிலருந்தே "விழுஞ்சிடுச்சு இல்லடி, விழுந்துடுச்சு, எங்க சொல்லு பாப்போம்"னேன். அவ சொல்லல. உர்ருன்னு உள்ள போய் உக்காந்துட்டா. பந்து யார் வீட்டுக்குள்ள போச்சுன்னு கூட நான் கேக்கல பாருங்க.

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா தான் வெளங்குது. கப்பு உடைஞ்சிடுச்சு, பேப்பர் கிழிஞ்சிடுச்சு, பால் தீஞ்சிடுச்சு, துணி காஞ்சிடுச்சு, இத்தனையும் காதுல கேட்டு அந்த வாண்டு அதுவா ஒரு ரூல் போட்டிருக்கு, அந்த ரூல் 'விழு'ங்கற ஒரு சொல்லுக்கு ஒத்து வரல, அவ்ளோதான். அது தப்பு பண்ணல, கணக்கு போட்டிருக்கு. குழந்தைக்கு இலக்கணமே தெரியாது, நாம தான் முதல்லருந்து ஊட்டணும்னு நெனச்சு உக்கார்றோம் பாருங்க, அதான் முதல் தப்பு, மத்த தப்பெல்லாம் இதுக்குள்ளருந்து தான் வருது. இப்பல்லாம் நான் "அய்யோ, விழுந்துடுச்சா? எங்க விழுந்துச்சு?"ன்னு சரியான சொல்லையே ரெண்டு தடவ என் வாயால சொல்லிட்டு பேச்ச தொடர்ந்துடுவேன். அடுத்த வாரமும் விழுஞ்சிடுச்சு தான். ஒரு நாள் தானா மாறிடுச்சு, எப்ப மாறுச்சுன்னு கூட நான் கவனிக்கல.

அப்புறம் இலக்கணத்துல வர்ற பேருங்க. எங்க வேலூர் லாங் பஜார்ல ஒரு சார்ட் வாங்கி செவுத்துல ஒட்டி, 'பெயர்ச்சொல் என்றால் ஒன்றின் பெயரைக் குறிக்கும் சொல்'னு மனப்பாடம் பண்ண வச்சேன். கிளி மாதிரி ஒப்பிச்சா. சரி இட்லி என்ன சொல்லுன்னு கேட்டேன், "சாப்பாட்டுச் சொல்"லுன்னா. சிரிச்சுட்டு சார்ட்ட கழட்டிட்டேன். பேர் எல்லாம் கடைசில வரட்டும், முதல்ல சாமான காட்டுங்க. நாங்க இப்ப ஒரு வெளையாட்டு வச்சிருக்கோம், காட்பாடி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து ஆடறது. நான் 'வந்தேன்'னு மட்டும் சொல்லுவேன், யாரு வந்தாங்கன்னு அவ சொல்லணும். "நீ!" வந்தான்? "அண்ணன்!" வந்துச்சு? "பஸ்ஸு!" நான், நீ, அவன்னு ஒரு வார்த்தை சொல்லல, ஆனா தமிழ் வினைச்சொல்லோட வாலிலயே ஆள் ஒளிஞ்சிருக்கான், குழந்தை அத பட்டுன்னு புடிச்சு இழுக்குது. தன்மை, முன்னிலை, படர்க்கைங்கற பேரெல்லாம் ஸ்கூல்ல வரும்போது இது தானா போய் ஒட்டிக்கும். 'நேத்து வந்தேன், நாளைக்கு?'ன்னு ஆரம்பிச்சா மூணு காலமும் முடிஞ்சுது, காட்பாடி கூட வந்திருக்காது.

இங்கிலீஷ் அச்சுல தமிழ ஊத்தறது அடுத்த தப்பு, இங்கிலீஷ் மீடியத்துல பசங்க படிக்கற வீட்ல எல்லாம் இது நடக்குது, எங்க வீட்லயும் நடந்துச்சு. சிங்குலர், புளூரல் நோட்டுல எழுதின கையோட தமிழ்லயும் 'நாலு தோசைகள் சாப்ட்டேன்'னு சொல்ல வைக்கறது. யாருங்க வீட்ல நாலு தோசைகள் சாப்பிடறாங்க? நாலுன்னு சொல்லியாச்சுன்னா போதும், பேச்சுல தோசைக்கு 'கள்' போட வேண்டியதே இல்ல. அதே சமயம் இங்கிலீஷ்ல இல்லாத ஒரு நகை நம்மகிட்ட கெடக்கு, அத யாரும் எடுத்து காட்றதில்ல. நாம, நாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'வீ' தான். பாப்பாவோட ஆயாகிட்ட, அதான் எங்க மாமியார்கிட்ட, 'நாம கோட்டைக்கு போறோம்'னா ஆயாவும் கூட வர்றாங்க, 'நாங்க கோட்டைக்கு போறோம்'னா ஆயா வீட்ல. இத மாத்தி சொல்லி பாருங்க, ஒரு நாள் ஆயாகிட்ட போய் "நாம போறோம்"னு பாப்பா சொல்லிட்டா, ஆயா பொடவ மாத்திகிட்டு வந்து நின்னாங்க. அதுக்கப்புறம் அந்த வித்தியாசத்த நான் சொல்லித்தர வேண்டியதே இருக்கல.

இப்ப நான் பண்ணினதுலயே பெரிய தப்புக்கு வர்றேன். எங்க மாமியார் குடியாத்தம் பக்கம். "கொயந்த எங்க கீது", "தோ வந்துகினு கீறான்", "அத்த எடு, இத்த வை" இப்படி தான் பேசுவாங்க. பாப்பாவும் அதே மாதிரி பேச ஆரம்பிச்சதும் எனக்கு பயம் வந்து, பாப்பா முன்னாடியே "அத்தை, அவகிட்ட கீது கீதுன்னு பேசாதீங்க, இலக்கணம் கெட்டுடும்"னுட்டேன். ரெண்டு நாள் அவங்க என்கிட்ட பேசல, அத விட மோசம், பாப்பாகிட்டயும் பேச்ச கொறச்சுட்டாங்க. யோசிச்சு பாத்தா அதுல என்ன இலக்கணம் கெட்டிருக்கு? வந்துகினு கீறான்ங்கறது வந்துகொண்டிருக்கிறான் தான், நம்ம வடாற்காட்டு வாய்ல தேஞ்சு வந்திருக்கு. ஆண்பாலுக்கு 'ஆன்' இருக்கு, காலம் இருக்கு, எல்லாம் இருக்கு. 'அத்த எடு'லயும் ரெண்டாம் வேற்றுமை 'ஐ' உக்காந்துகினு தான் கீது, மரம் மரத்த ஆகற மாதிரி அது அத்த ஆவுது. குடியாத்தத்துல நெய்யற லுங்கிய வீட்ல கட்றோம், கல்யாணத்துக்கு வேட்டி கட்றோம், அதுக்காக லுங்கி தப்பான துணியா? நோட்டுல எழுதும்போது 'இருக்கிறது', ஆயாகிட்ட 'கீது', குழந்தை ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கும். எங்க தெருவுல வீட்டுக்குள்ள தெலுங்கு, வாசல்ல தமிழ்னு ஒரு பையன், உருதும் தமிழும் கலந்து பேசற ரெண்டு பொண்ணுங்க, எதுவும் கொழம்பல, கொழம்பறது நாம தான். 'வாயப்பயம்'னு சொன்னா அது உச்சரிப்பு, இலக்கணத்தோட சேத்து திட்டாதீங்க, ழ நாக்குல உக்கார லேட்டாகும்.

திணை பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க தெரு நாய் புஜ்ஜி. "புஜ்ஜி வந்துட்டான்"னு பாப்பா சொன்னா, நாய் அஃறிணை, வந்துடுச்சுன்னு தான் சொல்லணும்னு அவங்க அப்பா திருத்துவாரு. நம்ம இலக்கணமே இவ்ளோ கறாரா இல்லைங்க. ஆசையா வளர்க்கற மாட்ட 'என் அம்மை வந்தாள்'னு சொன்னா அத தப்புன்னு தள்ளாம வழுவமைதின்னு ஏத்துக்குது, பத்தாவது தமிழ் புக்குலயே இருக்கு. அன்பு இருந்தா திணை மாறலாம்னு பெரியவங்களே விட்டுக் குடுத்திருக்கும்போது நாம ஏன் புடிச்சு தொங்கணும். அதே பாப்பா "தாத்தா ஒருத்தர் தானே, ஏன் வந்தாங்கன்னு சொல்றோம்?"னு கேட்டா. மரியாதைக்கு ஒருத்தரையே பல பேரா ஆக்கிடுவோம்னேன். "அப்போ புஜ்ஜிக்கு மரியாதை இல்லையா?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். அஞ்சு வயசுல வல்லினம் மிகும் இடம், எட்டு வேற்றுமைன்னு ஆரம்பிக்காதீங்க, நமக்கே தடுமாறுது. 247 எழுத்தையும் முடிச்சா தான் இலக்கணம்னு காத்திருக்கவும் வேணாம், வாய்க்கு எழுத்து தேவையில்ல. விருந்தாளி வந்தா "எங்க, வினைச்சொல் ஒண்ணு சொல்லு"ன்னு நிக்க வைக்கறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

போன மே மாசம், வெயில்ல வெளிய போக முடியாம வீட்ல கெடந்தப்ப நம்ம ஊர் பழமொழிய வச்சு ஆடினோம். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. சாமி இல்லாத கோயில்னும் சொல்லுவாங்க, 1981ல ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள திரும்பி வந்ததுலருந்து அது செல்லாது. இந்த மாதிரி நீயும் சொல்லுன்னேன். கரண்ட் இல்லாத ஃபேனுன்னா. மூடி இல்லாத பேனான்னா. அப்புறம் 'இல்லாத'வ விட்டுட்டு தூங்காத தாத்தா, குலைக்காத புஜ்ஜின்னு அவளே அடுத்த படிக்கு போய்ட்டா. கடைசியா என்ன ஒரு பார்வ பாத்துட்டு சொன்னா, "கத்தாத அம்மா."

எதிர்மறைப் பெயரெச்சம். கரெக்டா தான் இருக்கு.