செட்டிநாட்டு வீட்டில் இருவர் காஸ்பிளே: படம் எங்கே கெடுகிறது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் இரண்டு பேர் காஸ்பிளே செய்து, அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு, கேமரா முன்னால் நின்றால், ஊருக்கு அது ப்ரீ-வெட்டிங் ஷூட்தான். "கல்யாணம் என்னைக்கு?" என்று ஆச்சிகள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் போட்டோகிராபரும் அதே நினைப்பில் வந்து, டீமன் ஸ்லேயர் என்ற ஜப்பானிய அனிமேயின் (அனிமேஷன் தொடரின்) அண்ணன் தங்கையான தஞ்சிரோ, நெசுகோ வேடத்தில் நிற்பவர்களிடம் "மேடம், சார் தோள்ல சாஞ்சுக்கங்க" என்று சொல்லும்போதுதான் படம் கெட ஆரம்பிக்கிறது.

விக், உடை, வாள் என்று மாதக்கணக்கில் உழைப்பவர்கள்கூட, இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைப் பேசாமலே வந்துவிடுகிறார்கள். தஞ்சிரோ காவல் காப்பவன். அவன் உடம்பு அரையடி முன்னால் இருக்கட்டும், கை வாள்பிடியில், பார்வை படத்தின் ஃபிரேமுக்கு வெளியே. நெசுகோ பாதி மறைந்து, அவன் பார்க்கும் திசையையே பார்க்கட்டும். இவ்வளவு செய்தாலே அண்ணன் தங்கை வந்துவிடும். இருவரும் லென்ஸைப் பார்த்துச் சிரித்தால் அது மாறுவேடப் போட்டி. தொடரிலிருந்து நாலைந்து காட்சிகளைப் போட்டோகிராபருக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பி, இவர்கள் யார் என்று இரண்டு வரியும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, வீட்டின் அழகில் மயங்குவது. கதை நடக்கும் ஜப்பானின் தைஷோ காலம் 1912 முதல் 1926 வரை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் எழுந்தது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான், அதனால் பொருத்தம் என்று தோன்றும். வயதுதான் பொருந்துகிறது, தோற்றம் இல்லை. தஞ்சிரோவின் மேலங்கி பச்சை-கறுப்புக் கட்டம். நெசுகோவின் கிமோனோ இளஞ்சிவப்பில் சணல் இலை வடிவம். காலடியில் ஆத்தங்குடி டைல்ஸின் பூவேலை, பின்னால் கலர் கண்ணாடி. இத்தனை டிசைனும் ஒரே படத்தில் சண்டை போட்டால் முகத்தை யார் பார்ப்பது? வேலைப்பாடு குறைந்த தேக்குக் கதவு, வெறும் சுண்ணாம்புச் சுவர், பின்கட்டு ஓட்டுத் தாழ்வாரம் ஆகியவை போதும். டைல்ஸை விட மனமில்லையென்றால், ஒற்றை நிற உடை அணியும் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தச் சுவரில் சாய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய பூச்சு அது, பளிங்கு மாதிரி வழவழவென்றிருக்கும். முகப்பூச்சோ துணிச்சாயமோ ஒட்டினால், அடுத்து வருபவர்களுக்கு அந்த வீடு கிடைக்காது. செருப்பும் அப்படித்தான். பல வீடுகளில் வாசலோடு கழற்றச் சொல்வார்கள். பூட்ஸ் தெரியும் முழு உருவப் படங்களைத் தெருவிலோ முகப்புக்கு வெளியிலோ முடித்துவிட்டு, உள்ளே இடுப்புக்கு மேல் எடுப்பதே லாபம்.

அனுமதியில் நடக்கும் தவறு, வாட்ச்மேன் தலையாட்டினால் போதும் என்று நினைப்பது. பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுச்சொத்து. ஒருவர் சரி என்றதை இன்னொருவர் மறுக்கலாம். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்றால் குடும்பமே திரண்டு வந்துவிடும். தேதியைச் சொல்லி, வேடம் என்ன என்று படமும் காட்டிவிடுங்கள். ஹோட்டலாக மாறிய வீடுகளில் ப்ரீ-வெட்டிங் கட்டணம் கேட்பார்களா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் திறந்த முற்றத்தின் நடுவே நிறுத்தினால் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குழிதான் இருக்கும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணை ஒட்டி நில்லுங்கள். முற்றத்துத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும். ஆனால் கலர் கண்ணாடி வழியாக வரும் பச்சையும் சிவப்பும் வெள்ளை விக்கில் அப்படியே ஏறும், கவனம். ஒற்றை ஆளை எடுத்துப் பழகியவர்கள் லென்ஸ் துளையை அகலமாகத் திறந்து f/1.8-இல் வைத்துவிட்டு, முன்னால் நிற்பவர் தெளிவாக, பின்னால் நிற்பவர் மங்கலாக வீட்டுக்குத் திரும்புவார்கள். இருவர் என்றால் துளையைக் குறைத்து f/4, அரையடி தள்ளி நின்றால் f/5.6.

மேக்கப் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வேலை அதிகமுள்ளவர் முதலில் உட்கார்ந்து, இருவரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முடித்தவர் விக்கோடு வியர்த்துக் காத்திருப்பார். சித்திரை, வைகாசி வெயிலில் காருக்குள் வைத்த ஃபோம் கவசத்தின் ஹாட் குளூ இளகிவிடும். நெசுகோ வாயில் கவ்வியிருக்கும் மூங்கில் துண்டை ஷட்டர் அழுத்தும் வரை வாயில் வைக்க வேண்டாம், தண்ணீர் குடிக்க முடியாது.

எடிட்டிங்கில் பலரும் கவனிக்காத ஒன்று: கிமோனோவில் அணிபவரின் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. உடை சரியாக இருந்தும், காம்போசிஷனுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பினால் இதுவும் திரும்பிவிடும்.

கடைசியாக வாள். இரும்பு வேண்டவே வேண்டாம், மரமோ பிவிசியோ போதும். அதையும் துணியில் சுற்றியே எடுத்துச் செல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் அதை உருவிப் பார்த்துக்கொண்டு நின்றால், முதலில் விசாரிக்க வருபவர் அனிமே ரசிகராக இருக்க மாட்டார்.