ஜூலியட்டை ‘அவசரக்காரி’ என்று எழுதிவிடாதீர்கள்

பெங்களூரில் ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகளின் விடைத்தாளில், பகைக் குடும்பங்களில் பிறந்த காதலர் இருவர் ரகசியமாக மணந்து மாண்டுபோகிற ஷேக்ஸ்பியர் நாடகம் ‘ரோமியோ ஜூலியட்’ வந்தால் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஜூலியட் அவசரப்பட்டாள், அதனால் அழிந்தாள். அல்சூரில் என்னிடம் பாடம் கேட்கிறவர்களும் சரி, கே.ஜி.எஃப்.பிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் வந்து படிக்கிறவர்களும் சரி, இதையே எழுதுகிறார்கள். கைடில் அப்படித்தான் இருக்கிறது. நாடகத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தால் இந்தப் பதில் நிற்காது.

அந்த நாடகத்தில் அவசரப்படாதவர் யார்? 1562இல் ஆர்தர் புரூக் இதே கதையை நெடும்பாட்டாக எழுதியபோது அது மாதக்கணக்கில் நடந்தது. ஷேக்ஸ்பியர் அதை ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழன் இரவோடு முடித்துவிட்டார். முதல் அங்கத்தில் பாரிஸ் என்ற பிரபு ஜூலியட்டைப் பெண் கேட்கும்போது ‘இன்னும் இரண்டு கோடை போகட்டும்’ என்கிற அவளுடைய அப்பா கப்யூலெட், மூன்றாம் அங்கத்தில் திங்கள் இரவு உட்கார்ந்து வியாழக்கிழமைக்குக் கல்யாணத்தைக் குறிக்கிறார். ஜூலியட் இறந்தாள் என்று கேட்டதும் ரோமியோ விஷம் வாங்கக் கிளம்புகிறான். எல்லோருக்கும் பொதுவான வேகத்தை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் கட்டுவது முதல் தவறு. அதுவும் இன்னும் 14 வயது நிறையாத பெண். புரூக்கின் கதையில் அவளுக்கு 16. ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்.

மாடக் காட்சியில் நின்று யோசிக்கிறவளும் அவள்தான். இது ரொம்பத் திடீரென்று நடக்கிறது, ‘மின்னுகிறது’ என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துபோகிற மின்னலைப் போல இருக்கிறது என்கிறாள். அதே காட்சியில் நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், கல்யாணத்துக்கு நேரமும் இடமும் சொல்லி அனுப்பு என்று கேட்பதும் அவள்தான். விடையில் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஜூலியட் பாதிதான் வருவாள்.

அப்படியானால் அவளுடைய குறை என்ன? என் வாசிப்பில், முடிவு செய்ததைப் பெற்றோரிடம் சொல்லாமல் தனியே சுமப்பதுதான். மறைப்பதில் அவளுக்கு அபாரமான திறமை. மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சியைப் பாருங்கள். ரோமியோ கையால் இறந்த உறவினன் டிபால்ட்டுக்காக மகள் அழுகிறாள் என்று அம்மா நினைக்கிறாள். ரோமியோவைப் பார்க்கும்வரை என் மனம் ஆறாது என்று ஆரம்பிக்கிற ஜூலியட், ‘செத்து’ என்ற சொல்லை நடுவில் வைத்து, அதை அடுத்த வரியோடும் சேர்த்துவிடுகிறாள். ரோமியோ செத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவின் காதில் விழுகிறது. என் நெஞ்சு செத்துக் கிடக்கிறது என்றுதான் அவள் சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை, ஆனால் தாய்க்கு எதுவும் தெரியவில்லை.

இந்தத் திறமையே அவளைக் கவிழ்ப்பதை நான்காம் அங்கத்தில் காணலாம். ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரி லாரன்ஸ் போட்ட கணக்குப்படி, பாரிஸோடு கல்யாணத்தைத் தவிர்க்க, செத்தவளைப் போலக் கிடக்கவைக்கும் மருந்தைப் புதன் இரவு அவள் குடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவின் முன் மண்டியிட்டு, இனி உங்கள் சொல்படி நடப்பேன் என்று நடிக்கிறாள். நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால் கப்யூலெட் பூரித்துப்போய்க் கல்யாணத்தைப் புதன்கிழமைக்கே இழுத்துவிடுகிறார். அதனால் செவ்வாய் இரவே மருந்து. நாடு கடத்தப்பட்டிருந்த ரோமியோவுக்கு இந்தத் திட்டம் பற்றிய தகவல் போய்ச்சேர இருந்த நாட்களில் ஒன்று போயிற்று. குணம் எப்படிக் கதையை நகர்த்துகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான இடம் கிடையாது; விடைத்தாள்களில் நான் அதிகம் தேடுவதும் இதைத்தான்.

அடுத்த தவறு, குறையைக் குற்றமாக்கி ‘பெற்றோர் பேச்சைக் கேட்கவில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது. துன்பியல் நாடகம் பற்றி அரிஸ்டாட்டில் பேசியது கெட்ட புத்தியால் விழுகிறவரைப் பற்றி அல்ல, ஏதோ ஒரு பிழையால் விழுகிறவரைப் பற்றி. இந்த இடத்தில் அகப்பாடல் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. தலைவியை வேற்றார் பெண் கேட்டு வந்தால் தோழி அறத்தொடு நிற்பாள். களவை, அதாவது மறைவான காதலை, வளர்த்த செவிலியிடம் சொல்வாள், செவிலி பெற்ற நற்றாயிடம் சொல்வாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலியிடம் அப்படிப் பேசுவதுதான். ஜூலியட்டுக்குத் தோழி இல்லை. அவளை வளர்த்த செவிலிக்கு எல்லாமே தெரியும். ரோமியோ ஏறி வர நூலேணி கொண்டுவந்ததே அவள்தான். ஆனால் பாரிஸை மறுத்த மகளிடம் ‘தெருவில் கிடந்து சா’ என்று கப்யூலெட் கத்திவிட்டுப் போனதும், பாரிஸையே கட்டிக்கொள், அவர் எவ்வளவு நல்லவர் என்கிறாள் செவிலி. அந்த நொடியில் ஜூலியட் அவளை மனதிலிருந்து வெட்டிவிடுகிறாள். ‘இனி என் நெஞ்சம் வேறு, நீ வேறு’ என்கிறாள். ‘எல்லாம் கைவிட்டால் சாகும் சக்தி எனக்கு இருக்கிறது’ என்கிறாள். சொல்லாமல் மறைத்தாள் என்று எழுதுகிறவர்கள், யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்பதையும் எழுத வேண்டும். அதை விட்டால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்கிறோம்.

எல்லாவற்றுக்கும் அவள் குணமே காரணம் என்று முடிப்பதும் சரியல்ல. கொள்ளைநோய் பயத்தில் வெரோனாவில் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்ததால் ரோமியோவுக்கு லாரன்ஸ் கொடுத்தனுப்பிய கடிதத்தோடு பாதிரி ஜான் உள்ளேயே மாட்டிக்கொண்டார். இதில் ஜூலியட்டின் பங்கு எதுவும் இல்லை. பத்து மதிப்பெண் கேள்வி என்றால் விதி, கொள்ளைநோய் இரண்டையும் ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளுங்கள். மீதி இடத்தை மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சிக்கும் நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சிக்கும் கொடுங்கள்.