மழைக்கு முன்னால் தெருக்காரர்கள் செய்யும் தவறுகள்

சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு மதில்சுவரில் இடுப்பளவு உயரத்தில் பழுப்புக் கோடு இருந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற அடையாளம். போன வருடம் பெயின்ட் அடித்து அதை மறைத்துவிட்டார்கள். புதிதாகக் குடிவருகிறவருக்கு அந்தக் கோட்டைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பெயின்ட் அடியுங்கள், கோட்டை மட்டும் வருடத்தோடு விட்டுவையுங்கள்.

ஊர்ப் பெயரையும் கவனிப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். பெயரில் ஏரியோ தாங்கலோ (சிறிய நீர்நிலை) இருந்தால், தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போனது என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். தண்ணீர் இறைக்க மோட்டார் வாங்குவது அப்புறம்.

யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் நாங்கள் பெரிதாகச் சறுக்கினோம். சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் மாடியில் இருப்பவர்கள். மெயின் ரோடு பக்கம் மணல் மூட்டை அடுக்கலாம் என்று முடிவு செய்தோம். 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் அந்தப் பக்கம் வரவேயில்லை. தெருமுனை வடிகால் மூடி வழியாகக் குமிழியிட்டு மேலே வந்தது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் ராத்திரியில் ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் அண்ணன் மறுநாள் சொன்னார்: "எப்பவும் அங்கதான் சார் முதல்ல வரும்." பல வருடமாக அங்கேயே நிற்பவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட விடுவதும் தவறு. ரோடு உயர உயர வீடு பள்ளமாகும்.

"இவ்வளவு தண்ணீர் வருகிற இடத்தை விட்டுப் போகவேண்டியதுதானே" என்று ஆற்றங்கரைக்காரர்களைக் கேட்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. 2015க்குப் பிறகு பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிப்போயின. எந்த வீட்டுப் பாட்டியால் படியேற முடியாது, யார் வந்து தூக்குவார் என்று தெரிந்த அக்கம்பக்கமும் சிதறிப்போனது. அவர்கள் இடத்தை விட மறுப்பதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, மழையை மட்டும் நினைத்து மே மாத வெயிலை மறப்பது. புயலுக்குப் பிறகு அந்த வேப்பமரத்தை வெட்டி, அடியில் சிமென்ட் பூசலாம் என்றார்கள். இஸ்திரி அண்ணனைக் கேட்டோம். ஒடிந்த கிளைகளை மட்டும் கழித்தோம். மண்ணை மூடவில்லை. இஸ்திரி வண்டி அந்த நிழலிலேயே நிற்கிறது.