முழுக் கதையையும் முதல் நாளே கேட்காதீர்கள்

சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர், வருடங்கள் கழித்து ஆலோசகரான உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது பெரும்பாலும் அதைச் சொல்ல வந்திருக்க மாட்டார். தூக்கம் வரவில்லை, கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிச்சலாக இருக்கிறது, கணவர் தொட்டால் உடம்பு விறைத்துப் போகிறது என்றுதான் ஆரம்பிப்பார். விஷயம் மெல்ல வரும். வந்ததும் எப்போது, எங்கே, எத்தனை தடவை என்று கேள்விகளை அடுக்காதீர்கள், அது போலீஸ் விசாரணை. ஒரு காலத்தில் அவர் விருப்பத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது, அதனால் இங்கே எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

வந்திருப்பது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், ஆலோசகருக்கும் விலக்கு கிடையாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டபிறகு புகார் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்து யாரை நம்பும்? அம்மா கூடவே வந்திருந்தாலும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோன்றுகிறது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். இரவு நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மீட்சியை மூன்று கட்டமாகப் பார்த்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்து அழுவது, அப்புறம் மறுபடி மனிதர்களோடு சேர்வது. முதல் கட்டத்துக்கே மாதக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். பேசும்போதே பார்வை நிலைகுத்தி, அவர் பழைய இடத்துக்கே போய்விட்ட மாதிரி தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகக்கூடத் தொடாதீர்கள்.

"நான் ஏன் கத்தவில்லை?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பயத்தின் உச்சத்தில் உடம்பு தானாக உறைந்துபோகும், அது சம்மதம் ஆகாது என்று பொறுமையாக, தேவைப்பட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிலருக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, அந்த நேரத்தில் உடம்பு கிளர்ச்சி அடைந்திருக்கும், அதை வெளியே சொல்ல முடியாமல் பல வருடம் தன்னையே வெறுத்துக்கொண்டிருப்பார்கள். தொட்டால் நரம்பு வேலை செய்யும், அதற்கும் விருப்பத்துக்கும் சம்பந்தமில்லை. இதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே பொதுவாக எடுத்துச் சொல்லலாம்.

மன்னிக்கச் சொல்லாதீர்கள். "மாமாதானே, பழசை விடு" என்று வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அந்த மாமா வரப்போகும் கல்யாணத்துக்கு இவர் போயே ஆக வேண்டுமா, போனால் பக்கத்தில் யார் இருப்பார்கள், பாதியில் கிளம்ப வண்டி இருக்கிறதா, அம்மா கேட்டால் என்ன பதில் என்று உட்கார்ந்து அவரோடு திட்டம் போடுங்கள்.