ரீசாம்பிள் பட்டனை அழுத்தும் முன்: பீட்டைக் கெடுக்கும் தவறுகள்

ஹார்ட்வேர் சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து, பேடு எனும் தட்டும் பட்டன்களில் ஒலிக்கவிடும் மெஷின்) ரீசாம்பிள் செய்வது என்றால், பேடுகளில் ஓடுவதை எஃபெக்டோடு சேர்த்து அதே மெஷினுக்குள் புதிய சாம்பிளாகப் பதிவு செய்வது. பதிந்த பிறகு அதிலிருந்து எதையும் தனியே உருவ முடியாது; குழம்பில் கரைந்த உப்பு மாதிரிதான். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

அதிகம் செலவு வைக்கும் தவறு, கிக், ஸ்னேர், பேஸ், மெலடி எல்லாவற்றையும் ஒரே ஸ்டீரியோ லூப்பாக (திரும்பத் திரும்பச் சுற்றும் துண்டாக) இறுக்கிவிடுவது. அந்த நேரத்தில் கேட்க ஜோராக இருக்கும். ராப் பாடுபவர் வந்து "ரெண்டாவது வெர்ஸ்ல கிக் வேண்டாம்" என்றால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெலடியும் அதன் எஃபெக்டும் ஒரு பாஸ் (ஒரு தடவைப் பதிவு), டிரம்ஸ் ஒரு பாஸ், ஹை-ஹாட் தனி என்று பிரித்துப் பதியுங்கள். மூலச் சாம்பிள்களின் மேல் எழுதவும் கூடாது. ரோலண்ட் எஸ்பி-404 மார்க் 2-இல் ஒரு ப்ராஜெக்டுக்கு 10 பேங்க் (பேடுகளின் தொகுதி), பேங்குக்கு 16 பேட், ஆக 160 பேட் இருக்கிறது. மூலங்களை ஏ பேங்கிலேயே வைத்துக்கொண்டு ரீசாம்பிள்களை பி-யில் பதியலாம். இடமில்லை என்ற சாக்கு இதில் எடுபடாது.

அடுத்தது லெவல். ஒரே லூப் இரண்டு பேடில் ஒரே கணத்தில் ஒலித்தால் 6 டெசிபெல் கூடும். மைனஸ் 3 டெசிபெலில் (0 தான் மெஷினின் உச்ச வரம்பு) உச்சம் தொட்ட லூப் அப்போதே கிளிப் ஆகிவிடும், அதாவது வரம்பைத் தாண்டிச் சிதையும்; அந்தக் கிளிப் அடுத்தடுத்த பாஸ்களிலும் கூடவே வரும். 16 பிட் மெஷினில் உச்சத்தை மைனஸ் 6 அளவில் விட்டால் போதும். 1987-இல் வந்த 12 பிட் ஈ-மியூ எஸ்பி-1200-இல் கதை தலைகீழ். 6 டெசிபெல் குறைத்துப் பதிந்தால் ஒரு பிட் போச்சு என்று வையுங்கள். உச்சமே மைனஸ் 24 என்றால் மிஞ்சுவது 8 பிட். அங்கே கூச்சப்படாமல் உச்சம் வரை ஏற்றிப் பதிய வேண்டும்.

ரீசாம்பிள் முடிந்ததும் புதிய பேடைத் தட்டினால், சத்தம் முன்னைவிட மூச்சுத் திணறுகிற மாதிரி இருக்கிறதா? புதிய பேடும் அதே எஃபெக்ட் வழியாகப் போகிறது. கம்ப்ரஸர் இரண்டு முறை அமுக்குகிறது. அந்த பேடின் எஃபெக்டை அணைத்துவிட்டு ஒப்பிட்டுக் கேளுங்கள். வேண்டுமென்றே இரண்டு மூன்று தலைமுறை அழுக்கு ஏற்றுவது வேறு விஷயம். அப்படிச் செய்யும்போதும் ஹை-ஹாட்டை வெளியே வைப்பது நல்லது, மேல் அலைவரிசைகள்தான் முதலில் சாகும்.

அறுபடும் வால், நகரும் லூப்

டிலே, ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்டுகள்) போட்ட 2 பார் (இங்கே ஒரு பார் 4 பீட்) லூப்பை முதல் பீட்டில் தொடங்கிக் கடைசி பீட்டில் நிறுத்திப் பதிந்தால், கடைசி ஸ்னேரின் வால் அறுந்துபோகும். முதல் பீட்டில் முந்தைய சுற்றின் வால் இல்லாமல் வெறிச்சென்று இருக்கும். சுற்றுக்குச் சுற்று அந்த இடம் பள்ளமாகக் காதில் விழும். நிறுத்தாமல் 4 பார் பதிந்து, முதல் 2 பாரை வெட்டி எறியுங்கள். 3-ஆம் பாரின் தலையில் முந்தைய சுற்றின் வால் ஏற்கெனவே படிந்திருப்பதால், 4-ஆம் பாரின் முடிவோடு ஒட்டும்போது ஒட்டு தெரியாது. 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 பீட்) 2 பார் 5.33 விநாடி. ரிவெர்ப் அதைவிட நீண்டால் 6 பார் பதிந்து கடைசி 2-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும்போது தொடக்கத்தைக் காதால் பிடிக்கலாம், முடிவைக் கணக்கால்தான் பிடிக்க வேண்டும். 60-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பீட்டின் விநாடி கிடைக்கும். 90 பிபிஎம்மில் 4/4 தாளத்தில் ஒரு பார் 2.667 விநாடி; 48 கிலோஹெர்ட்ஸில் துல்லியமாக 1,28,000 சாம்பிள், 44.1-இல் 1,17,600. காதை நம்பி 20 மில்லி விநாடி கூடுதலாக விட்டால் ஒரு சுற்றில் தெரியாது. லூப் மோடில் எட்டுச் சுற்று ஓடினால் 160 மில்லி விநாடி பின்தங்கும். அந்த வேகத்தில் ஒரு பதினாறாம் நோட்டே (கால் பீட்) 167 மில்லி விநாடிதான்! அதனால் லூப் மோடை நம்பாமல், 2 பாருக்கு ஒருமுறை சீக்வென்சரிலிருந்தே (எந்த பேட் எப்போது ஒலிக்க வேண்டும் என்று ஓட்டும் பகுதி) பேடை மறுபடி தட்டவிடுவது பாதுகாப்பு.

ஸ்விங் மேல் ஸ்விங்

1988-இல் வந்த ஆகாய் எம்பிசி 60-இல் ஸ்விங், அதாவது ஒன்றுவிட்டு ஒரு பதினாறாம் நோட்டைத் தாமதப்படுத்தும் அளவு, 50 முதல் 75 சதவீதம் வரை. 50 என்றால் நேர் நடை, 66 என்றால் கிட்டத்தட்ட திஸ்ரம். 90 பிபிஎம்மில் 58 வைத்தால் இரட்டைப்படை பதினாறாம் நோட்டுகள் 27 மில்லி விநாடி தாமதமாக விழும். அந்த பீட்டை ரீசாம்பிள் செய்து, 16 சம துண்டுகளாக வெட்டி, அதே 58 ஸ்விங்கில் மறுபடி சீக்வென்ஸ் செய்தால் என்ன ஆகும்? துண்டுக்குள்ளேயே அடி 27 மில்லி விநாடி தள்ளி இருக்கிறது, துண்டும் 27 தாமதமாகத் தொடங்குகிறது. மொத்தம் 54. நீங்கள் வைத்த 58 சத்தமில்லாமல் 66 ஆகிவிட்டது. மேலே 58-இல் புதிதாக ஹை-ஹாட் வாசித்தால் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். ரீசாம்பிளை 50-இல் எடுத்து ஸ்விங்கைக் கடைசியில் போடுங்கள். இல்லை, ஸ்விங்கோடு எடுத்தால் அந்தத் துண்டுகளின் சீக்வென்ஸை 50-இல் வையுங்கள்.

45-இல் ஓட்டி இறக்குவது

எஸ்பி-1200-இல் ஒரு சாம்பிளுக்கு 2.5 விநாடிதான் இடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் ரெக்கார்டில் 90 பிபிஎம் பார் 2.67 விநாடி என்பதால் கொள்ளாது. அதையே 45 சுற்றில் ஓட்டினால் 1.98 விநாடியில் அடங்கும். பிறகு பிட்சை இறக்க வேண்டும். வேக விகிதம் 1.35, அதாவது 5.2 செமிடோன் (அரைச் சுரம்). முழு 5 மட்டும் இறக்கினால் 0.2 மிச்சம் நிற்கும், மேலே வாசிக்கும் பேஸ் சுருதி சேராது. டர்ன்டேபிளின் பிட்ச் ஸ்லைடரை 1 சதவீதம் சொச்சம் குறைத்துப் பதிந்தால் 5 சரியாக அமையும். புதிய மெஷினில் இதையே முயல்பவர்கள் டைம் ஸ்ட்ரெச்சை அணைக்க மறக்கிறார்கள். நீளம் மாறாமல் பிட்ச் மட்டும் இறங்கும்போது எஸ்பி-1200-இன் கரகரப்பு வராது, குழைந்த நடுக்கம்தான் வரும். ஸ்ட்ரெச்சை அணைத்து, 5 ஏற்றி ரீசாம்பிள் செய்து, புதிய பேடை 5 இறக்குங்கள்.

துண்டுகளை வாசிக்கும்போது பேஸ் சேறாகக் கலங்கினால் ஈக்யூவைத் தொட வேண்டாம். பேடுகள் ஒன்-ஷாட்டில் (ஒருமுறை தட்டினால் முடிவு வரை ஒலிக்கும் மோட்) இருந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்று முதலில் பாருங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே மியூட் குரூப்பில் போட்டால் அடுத்தது விழுந்ததும் முந்தையது வாயை மூடும்.