சப்வூஃபர் தொம் தொம்மென்று இடிக்கிறதா? அறைக்கு ஏற்றபடி ஸ்டீரியோவைச் சரிசெய்யும் முறை

ஸ்டீரியோவோடு ஒரு சப்வூஃபரும் (சப் என்பார்கள், பேஸ் எனும் அடிமட்ட ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) வாங்கி மாட்டியவர்கள் சில நாளில் சொல்லும் குறை ஒன்று உண்டு. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரும் ஒரே மாதிரி தொம் தொம்மென்று கேட்கிறதாம். பெரும்பாலும் சப்பின் மேல் தப்பு இருக்காது. அறைதான் அப்படிப் பேசுகிறது.

என் அறை 12க்கு 10 அடி. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. அறையின் நீளம் அடியில் எவ்வளவோ, அதால் 566-ஐ வகுத்துப் பாருங்கள். எனக்கு 12 அடிக்கு 47, 10 அடிக்கு 57 வருகிறது. இந்த ஹெர்ட்ஸ்களில் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பெருகும். உங்கள் அறையின் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

1. உட்காரும் இடம்

சோபா சுவரோடு ஒட்டி இருந்தால் பேஸ் வீங்கிக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போகும். அதனால் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடியாவது முன்னால் இழுத்துப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன வட்டம், காது உயரத்தில் இருக்க வேண்டும். இதற்கு இன்ச் டேப் போதும்.

2. சப்புக்கு இடம் தேடுதல்

எனக்கு மாட்டிக்கொடுக்க வந்தவர் சப்பை டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்துவிட்டுப் போனார். வயர் நீளம் அவ்வளவுதானாம்! ஆறு மாதம் அப்படியே கேட்டேன்.

சரியான வழி கொஞ்சம் வேடிக்கையானது. சப்பைத் தூக்கி, நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் வையுங்கள். பேஸ் கிடார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்புறம் தரையில் மண்டியிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். மூலையில் எல்லா ஸ்வரமும் ஒரே உறுமலாக இருக்கும். அங்கிருந்து இரண்டு அடி நகர்ந்தால் நடுவில் ஒரு ஸ்வரம் மட்டும் விழுங்கப்பட்டிருக்கும். எங்கே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. சப்பை வைக்க வேண்டிய இடம் அதுதான். சப்பின் இடமும் காதின் இடமும் மாறினாலும் அறை ஒலியை ஒரே மாதிரிதான் நடத்தும். அதனால்தான் இந்த வித்தை பலிக்கிறது. நான் தவழ்ந்தபோது வீட்டில் சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். கிடைத்த இடம் பக்கச் சுவரின் நடுவுக்குச் சற்றுத் தள்ளி.

இரண்டு சப் இருந்தால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்து ஆரம்பியுங்கள். அந்த இரு சுவருக்கு நடுவே பெருகும் முதல் வீக்கத்தை அவையே பெருமளவு அடக்கிவிடும்.

3. கிராஸ்ஓவர், ஃபேஸ், அளவு

எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப், மேலே ஸ்பீக்கர் என்று பிரிக்கும் எல்லைதான் கிராஸ்ஓவர். அதற்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். ஆம்ப்பே (ஆம்ப்ளிஃபயர்) பிரித்துக் கொடுக்கிறது என்றால் சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்ச எண்வரை திருப்பிவிடுங்கள். இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

அடுத்து, 80 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை ஸ்பீக்கரிலும் சப்பிலும் சேர்த்து ஓடவிட்டு, சப்பின் ஃபேஸ் சுவிட்சை (ஸ்பீக்கரின் அதிர்வோடு சப்பின் அதிர்வை ஒத்துப்போக வைப்பது) 0, 180 என மாற்றிப் பாருங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

சத்த அளவுக்கு பிங்க் நாய்ஸ், அதாவது எல்லா ஹெர்ட்ஸும் கலந்த சோதனை இரைச்சல். ஸ்பீக்கர் தனியாக 75 டெசிபல், சப் தனியாக அதே 75. போன் செயலியை இதில் முழுதாக நம்பாதீர்கள், அடிமட்ட பேஸில் போன் மைக் குறைத்துக் காட்டக்கூடும்.

4. அளந்து பார்த்தல்

அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், யூமிக்-1 போன்ற ஒரு யூஎஸ்பி மைக்கும் வேண்டும். அந்த மைக்கின் வரிசை எண்ணைக் கொடுத்தால் அதற்கே உரிய திருத்தக் கோப்பு கிடைக்கும். அதை மறக்காமல் ஏற்றுங்கள். மைக்கை ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். கையில் பிடிக்கக் கூடாது.

மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்திவிட்டு 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் எனும் சோதனை ஒலியை ஓட்டுங்கள். அடியிலிருந்து ஊ என்று ஏறிப் போகும். என் வீட்டில் பாதியில் கிர்ர் என்று ஒரு சத்தம் கூடவே வந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். இரும்பு பீரோவின் மேல் வைத்திருந்த சூட்கேஸின் கைப்பிடி அது. எந்த ஃபில்டராலும் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) அதைச் சரிசெய்ய முடியாது, மடித்த துணி ஒன்று போதும்.

தலையைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். வரைபடத்தில் ஒரு மலை தெரியும். தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு 47-க்குப் பக்கத்திலேயே நின்றது, சுற்றியிருந்ததைவிட 9 டெசிபல் உயரத்தில்.

5. திருத்தம்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். மலையை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது. ஆழமான பள்ளம் என்பது சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி நேரடி ஒலியை அழிப்பதால் வருவது. அங்கே எவ்வளவு ஊற்றினாலும் திரும்பி வருவதும் அதே அளவு கூடும், அழிவும் தொடரும். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்புக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும், 50 வாட் கேட்ட இடத்தில் 500 வாட். பள்ளத்துக்கு மருந்து சப்பை ஓர் அடி நகர்த்துவது.

ஆகவே மென்பொருளின் ஈக்யூ எனும் திருத்தப் பகுதியில் திருத்தும் எல்லையை 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அதிகபட்ச ஏற்றம் பூஜ்யம். கிடைக்கும் ஃபில்டர்களை விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஒலித் திருத்த மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்யலாம். 200-க்கு மேல் ஆரம்பத்தில் கை வைக்காதீர்கள்.

ஆடிஸி, டிராக் போன்ற தானியங்கி அறைத் திருத்தம் உள்ள ஆம்ப் என்றால் இந்த வேலையை அதுவே செய்யும். ஆனால் இடம் தேடும் படியை அது செய்யாது. இன்னொன்று: 8 அடி தூரத்தில் உள்ள சப்பை அது 14 அடி என்று காட்டினால் திருத்திவிடாதீர்கள். சப்பின் உள்ளே ஆகும் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

முதல் நாள் பேஸே போய்விட்டதுபோலத் தோன்றும். காது அந்த மலைக்குப் பழகியிருந்தது. சப்பின் அளவை மூன்று டெசிபல் கூட்டிவிட்டு ஒரு வாரம் கேளுங்கள். பிடித்த பிறகு, பின்பக்கக் குமிழ்கள் நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தூசி துடைக்கும் துணி பட்டாலே நகர்ந்துவிடும்.